யாரும் கேட்காத கேசட்

என் தம்பி சீனி முகம்மது துபாயிலருந்து அனுப்புனதுலயே உருப்படியான சாமான் ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வெள்ளைக்காரி பாட்டுக் கேசட். ஆள் உசரத்துக்கு யாழ் மாதிரி ஒண்ணு, ஹார்ப்பாம், அதைத் தோள்ல சாச்சு மீட்டிக்கிட்டே, தானே கட்டுன நாட்டுப்பாட்டாப் பாடுவா. ஒரு வார்த்தை புரியாது. ஆனா நாலாவது பாட்டு வந்தா கைவேலையைப் போட்டுட்டு உக்காந்துருவேன்.

தொண்டியில நான் கேளுங்கன்னு கெஞ்சாத வீடு கெடையாது. "லத்தீபாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு"ன்னு சிரிச்சாளுக. "கம்பியைச் சொறிஞ்சுக்கிட்டு ஒருத்தி அழுவுறா, இதப் போயி"ன்னு எங்க உம்மா சொல்லுச்சு. போங்கடி, ரசனை கெட்டவளுகளா!

கடைசியாத் தம்பி பொண்டாட்டி குல்சும்கிட்ட கொடுத்தேன். பாவம், ஒரு மாசமா அவ மொகமே சரியில்ல. தம்பி இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கம்பெனியில எழுதிக் கொடுக்கப் போறேன்னுட்டான். கலியாணமாகி அஞ்சு வருசத்துல கூட இருந்தது நாலே மாசம்.

அந்த எம்பத்தாறு, எம்பத்தேழுல எங்களுக்குக் கேசட்தான் கடுதாசி. வீடே சுத்தி உக்காந்து பேசி, பயணம் போறவக கையில கொடுத்துவிடுவோம். குல்சும் முறை கடைசியில வரும். மாமியா, நாத்தனா முன்னாடி என்னத்தப் பேசுவா? "நல்லா இருக்கேன். ஒடம்பைப் பாத்துக்குங்க." அம்புட்டுத்தான்.

ஒரு வாரத்துல கேசட்டைத் திருப்பிக் கொடுத்தா. மேல இருந்த ஓட்டையைக் காகிதம் வச்சு அடைச்சிருந்துச்சு. அடைச்சாத்தானே புதுசாப் பதியும்? நான் கவனிக்காமப் போட்டுட்டேன். மூணு பாட்டு ஓடுச்சு. நாலாவது எடத்துல குல்சும் குரல்!

"அடிப் பாவி, என் பாட்டை அழிச்சுட்டியே!"ன்னு எந்திரிச்சேன். "எழுதிக் கொடுக்காதீங்க. எனக்கு நகை வேணாம். உங்க மொகம் மறந்துபோகுதுங்க"ன்னு கேசட்ல அழுதா. பட்டுன்னு நிறுத்திட்டேன். அதுக்கு மேல கேக்க நான் யாரு?

அவகிட்டப் போனேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "வேற கேசட்ல பேசுனா மாமி போட்டுப் பாப்பாங்க மைனி. இதை மட்டுந்தான் உங்களத் தவிர யாரும் கேக்க மாட்டாங்க. நீங்க கேட்டா அனுப்பி விடுவீங்கன்னு..."

அடுத்த நாளே துபாய் கெளம்புன சுஐபு கையில, "தம்பி தனியாக் கேக்கணும்"னு சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

மூணு வாரத்துல பதில் கேசட் வந்துச்சு. வழக்கம்போல உம்மா நடுவுல, நாங்க சுத்தி, குல்சும் கதவோரம். தம்பி சலாம் சொன்னான். அப்புறம், "இது குல்சுமுக்கு மட்டும். மத்தவங்க கோவிச்சுக்காம எந்திரிச்சுப் போங்க"ன்னான்.

நான் உம்மா மொகத்தைப் பாத்தேன். உம்மாதான் முட்டியில கையை ஊண்டி மொத ஆளா எந்திரிச்சுச்சு. நான் டேப்பைக் கொண்டுபோய் குல்சும் அறையில வச்சுக் கதவைச் சாத்திட்டு வந்து, பாட்டுக் கேசட் துபாய் போன கதையை உம்மாகிட்டச் சொன்னேன்.

"அஞ்சு வருசமா நாமதாண்டி அந்தப் புள்ள வாயக் கட்டி வச்சிருந்துருக்கோம்"னு உம்மா மெதுவாச் சொல்லுச்சு.

ரொம்ப நேரங் கழிச்சுக் கதவு தெறந்துச்சு. கண்ணெல்லாம் செவந்து, சிரிக்கிறா. "எழுதிக் கொடுக்கலையாம் மைனி. நோன்புக்கு முன்னாடி வாராங்களாம்."

உம்மா முந்தானையால மூக்கைச் சிந்துச்சு. "வரயில அந்தக் கம்பி சொறியிறவ கேசட்டை இன்னொண்ணு வாங்கியாரச் சொல்லு. என்னதான் பாடுறான்னு நானுங் கேக்குறேன்."