சண்டை போட ஓர் ஆள்

கண்ணாடிக்காரர் வைரமுனைக் கட்டரால் கண்ணாடியில் கோடு இழுத்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று பேர். காலையில் ஒரு கால் பாட்டிலாவது உள்ளே போகாவிட்டால் அந்தக் கோடு இப்போதெல்லாம் நேராக வருவதில்லை. அது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவர் எழுந்திருக்க முடியாத நாட்களில் கடை முதலாளி அழைத்தால், "அவருக்குக் காய்ச்சல் சார்" என்று மனைவி சமாளிப்பாள். அந்த வருஷம் அவருக்கு வந்த காய்ச்சலைக் கூட்டினால் ஒரு ஆஸ்பத்திரியே திறந்திருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதலாளி அழைத்தார். "காய்ச்சல் இல்ல சார். குடிச்சிட்டுப் படுத்திருக்காரு," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தார். "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே."

"நீங்க போட்டதுல கால்வாசி கூட இல்ல. ரெண்டு மாசமா புதன்கிழமை நான் எங்க போறேன்னு நினைச்சீங்க? தையல் கிளாசுக்கு இல்ல. குடிக்கிறவங்க வீட்டு ஆளுங்க கூடிப் பேசற இடம் ஒண்ணு இருக்கு. இனிமே உங்களுக்காகப் பொய் சொல்லமாட்டேன்னு போன வாரம் அங்க சொல்லிட்டு வந்தேன்."

"என் மானத்த அங்க போய் ஏலம் விட்டியா?"

"அங்க யாரும் பேர்கூடக் கேக்கல. பக்கத்து ரூம்ல குடிக்கிறவங்களுக்கும் கூட்டம் நடக்குது. நாளைக்கு வாங்க. வரலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் கத்தியிருந்தால் அவர் திரும்பிப் படுத்திருப்பார். கத்துகிறவள் போகமாட்டாள் என்பது இருபது வருஷப் பாடம். அன்று அவள் குரலே உயரவில்லை.

மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். ஒரு கிளினிக்கின் மாடி. பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு டீ பிளாஸ்க். பிளாஸ்க் பக்கத்தில் நின்றவனைப் பார்த்ததும் அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மனைவியின் தம்பி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேலையில்லாமல் குடித்துக்கொண்டு இவர்கள் வீட்டிலேயே கிடந்தவன் அவன். ஒருநாள் இவர் அவன் சட்டையைப் பிடித்து மாடிப்படிவரை இழுத்து வந்து, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி, "குடிகார நாயே, இனி என் மூஞ்சியில முழிக்காத" என்று தள்ளிவிட்டார். அன்று இவர் ஞாயிறு மட்டும், அதுவும் அளவாகக் குடிக்கிற மனிதர். மச்சினன் இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டதோடு சரி.

"இவன் இருக்கற இடத்துல நான் உக்காரமாட்டேன்," என்றார்.

மச்சினன் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. "நின்னுக்கிட்டே கேளுங்க மாமா. காதுக்கு நாற்காலி எதுக்கு?"

கதவருகிலேயே நின்றார். குழாய் ரிப்பேர் செய்கிற ஒருவர், பாட்டிலைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்த கதையைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். கடையில் கண்ணாடி பதிக்கிற மக்கு டப்பாவுக்குள் பாட்டில் வைத்திருந்த கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரையும் பேசச் சொன்னார்கள். "நான் குடிகாரன் இல்ல. எனக்குக் குடிக்கத் தெரியும். தெரியாதவன் அங்க டீ ஊத்தறான்."

மச்சினன், "கப்பக் கீழ வெச்சிட்டுச் சொல்லுங்க," என்றான்.

அப்போதுதான் பார்த்தார். கையிலிருந்த டீ தளும்பி விரலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு இறக்கியிருக்கவில்லை. வந்த ஆத்திரத்தில் மீதி டீயை மச்சினன் சட்டைமேல் வீசிவிட்டு வெளியேறினார்.

படியருகில் அவன் பின்னாலேயே வந்தான். "வீம்புக்கு இன்னைக்கே நிறுத்திடாதீங்க. இந்த நடுக்கத்தோட திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். எனக்கு வந்துச்சு. கீழ டாக்டர் இருக்காங்க, பாத்துட்டுப் போங்க."

"என்மேல உனக்கென்னடா அக்கறை?"

"ஒரு அக்கறையும் இல்ல. நீங்க அன்னைக்குச் சொன்னதுல ஒரு வார்த்தைகூட மறக்கல, மன்னிக்கவும் இல்ல. அக்கா உங்கள வலிப்புல பாக்கவேணாம்னு சொல்றேன்."

பதிலுக்கு நல்ல வசவு ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வியர்த்துக் கொட்டியது. கைப்பிடியைப் பிடித்த கை நிற்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்த மனைவி, தம்பியின் நனைந்த சட்டையையும் புருஷனின் கையையும் பார்த்தாள். அவர் இறங்கி டாக்டர் அறைக்குள் போனார்.

அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏழு நாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மச்சினன் நேரே வார்டுக்கு வந்துவிடுவான். வந்ததும் சண்டைதான். அவன் பேப்பரைச் சத்தமாகப் படிப்பான்; இவர் வாயை மூடச் சொல்வார்; அவன் விளம்பரத்தையும் சேர்த்துப் படிப்பான். மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று இவர் அலறியபோது நர்ஸை ஓடிப்போய்க் கூட்டிவந்தவனும் அவன்தான். "எறும்பு இல்ல, சாராயம் கிளம்புது. படுங்க," என்று தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டான். பிடித்த பிடியில் அன்பு இருந்ததாக அவருக்குத் தோன்றவில்லை. ஊசி போட்டு அவர் அடங்குகிறவரை விடவும் இல்லை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில், "அன்னைக்கு நான் உன்ன..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம். நீங்க மன்னிப்புக் கேட்டுட்டா, அப்புறம் உங்களத் திட்ட எனக்குக் காரணம் இருக்காது."

குடியை விட்ட முப்பத்தேழாம் நாள் ஒருமுறை சறுக்கினார். வீட்டில் ஒளிக்கவில்லை, அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து அவரே சொன்னார். மச்சினன், "எதிர்பாத்ததுதான்," என்றான். அதற்கும் ஒரு மூச்சு சண்டை நடந்தது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு வீட்டில் அளவெடுத்துவிட்டுத் திரும்புகிற மதியத்தில், கால் தானாகச் சாராயக்கடை வாசலில் போய் நின்றது. போனை எடுத்தார்.

"எங்கடா இருக்க?"

"வேன்ல. ஏன்?"

"கடை வாசல்ல நிக்கிறேன்."

"அங்கயே நில்லுங்க. உள்ள காலடி வெச்சீங்க, நடக்கறதே வேற."

பத்து நிமிஷத்தில் மஞ்சள் வேன் வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் குட்டை இருக்கையில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். இருவரும் வாய்க்கு வாய் ஆரம்பித்தார்கள். வண்டியை அவன் ஓட்டுகிற லட்சணத்தில் தொடங்கி, சமையலில் உப்புப் போடத் தெரியாத அக்காவைச் செல்லம் கொடுத்துக் கெடுத்தது யார் என்பதுவரை போனது. பள்ளி விடும் நேரமாகிவிட்டது என்று மச்சினன் கடிகாரத்தைப் பார்த்தபோது, கடை நினைப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் கழிந்திருந்தது கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது.

"இறங்குங்க. பிள்ளைங்க வர்ற நேரம்."

"இறங்கறேன். ஆனா உப்பு விஷயத்துல நீ சொன்னது தப்பு."

"நாளைக்குப் போன் பண்ணுங்க, பேசிக்கலாம்," என்று கதவைப் படாரென்று சாத்தினான்.