லிட்டருக்கு இருபத்தாறு

ஒழுக்கமுள்ளவனின் காலடியில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் வீணாவதில்லை.

மனிதகுலத்துக்கு இந்த உண்மையை வழங்கியவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே முதல் மாடியில் இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்திவரும் மாஸ்டர். வெள்ளைப் பலகையில் நீல மையால் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று ஒருமுறை ரசித்துவிட்டு, படியிறங்கித் தன் புதிய ஹைபிரிட் காரில் வீட்டுக்குப் போனார். காரை நிறுத்தி அணைத்ததும், வந்த பயணத்தின் மைலேஜைத் திரை காட்டியது. லிட்டருக்குப் பதினேழு புள்ளி எட்டு.

விற்றவர்கள் சொன்னது இருபத்தேழு. விற்பவன் ஒன்று கூடத்தான் சொல்வான் என்று இருபத்தாறுக்கு மனதைத் தயார் செய்து வைத்திருந்தார் மாஸ்டர். பதினேழு எட்டு என்பது அவருடைய மச்சினனின் ஓட்டை டீசல் வேன் பார்சல் ஏற்றாமல் காலியாகப் போனால் கொடுக்கும் மைலேஜ்.

கார் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். அங்கேதான் சிக்கல். இதே காரை வாரத்தில் மூன்று நாள் அவருடைய மனைவி ஓட்டினார். கடைவீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. அதே சாலை, அதே சிக்னல்கள். வீட்டுக்கு வந்து அணைத்தால் திரையில் இருபத்தைந்து ஒன்பது, இருபத்தாறு இரண்டு என்று வரும். அவர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார். அந்த அம்மாளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததே மாஸ்டர்தான் என்பது வெந்த புண்ணில் இன்னொரு சூடு.

இதையும் விழுங்கியிருப்பார். ஆனால் போன மாதம் ஒரு காரியம் செய்துவிட்டார். மனைவி வந்து நிறுத்திய காரின் திரையைக் கைபேசியில் படமெடுத்து, பெரிதாக அச்சடித்து, ஸ்கூல் வாசலில் ஒட்டிவிட்டார். 'எரிபொருள் சிக்கனப் பயிற்சி. லிட்டருக்கு இருபத்தாறு! சனிக்கிழமை காலை மாஸ்டரே நேரில் ஓட்டிக் காட்டுவார். ஷூ அணிந்து லேஸ் கட்டி வராதவர்களுக்கு ஸ்டியரிங் தரப்படமாட்டாது.' நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பல் டாக்டர். எதையும் வாய் திறக்கச் சொல்லிப் பார்க்காமல் நம்பாதவர்.

சனிக்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் அந்த எட்டு கிலோமீட்டர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காவிட்டால், ஊரில் பாதிப் பேருக்கு உரிமம் வாங்கிக் கொடுத்தவரின் பெயர் நான்கு பேர் முன்னால் அந்தச் சின்னத் திரையில் கப்பலேறும்.

மாஸ்டர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினார். அவமானத்தில் ஆரம்பித்தது, இரண்டு நாளில் ஆராய்ச்சியாகிவிட்டது. டயர் காற்றை ஏற்றினார்: பதினெட்டு. பெட்ரோல் பங்கை மாற்றினார்: பதினேழு ஒன்பது. டிக்கியிலிருந்த ஸ்டெப்னி, ஜாக்கி, போன வருடக் காலண்டர் கட்டு எல்லாவற்றையும் இறக்கினார்: பதினெட்டு ஒன்று. அந்தப் புள்ளி ஒன்றுக்கு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். பிறகு ஏசியை அணைத்தார்.

"ஏசிய போடுங்களேன்," என்றார் பக்கத்தில் இருந்த மனைவி.

"சிக்கனம்."

"நீங்க சிக்கனம் பண்றீங்க. நான்ல வேகறேன்."

"ஆராய்ச்சின்னா நாலும் இருக்கும்."

"அப்ப எலியை வெச்சுப் பண்ணுங்க. என்னை இறக்கிவிடுங்க."

இறக்கிவிட்டார். அறுபது கிலோ குறைந்தும் பதினெட்டு ஒன்றுதான்.

புதன்கிழமை மாஸ்டர் கௌரவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, மனைவி ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் நோட்டோடு உட்கார்ந்தார். மனைவி ஏசியை இருபத்திரண்டில் வைத்தார். ரேடியோவைத் திருகினார். ஒரு கடை வாசலில் வண்டியை மெதுவாக்கி, புது வளையல் எதுவும் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். மாஸ்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வலது கால்: மெத்து மெத்தென்று. கண்: தூரத்தில். பேச்சு: அதிகம். இடது கால்: சும்மா கிடக்கிறது. சோம்பல். திருத்தப்பட வேண்டும்.

"சிக்னல் இவ்வளவு தூரத்துல இருக்கு. இப்பவே ஏன் காலை எடுத்துட்ட?" என்று கேட்டார்.

"சும்மா இருங்க. இப்பத்தான் கேக்கும்."

"என்ன கேக்கும்?"

"எதுவும் கேக்காதுல்ல, அது."

இன்ஜின் அடங்கியிருந்தது. கார் தானாக வழுக்கிக்கொண்டு போனது. சாலையோரத்துக் காய்ந்த இலைகள் டயரில் நொறுங்குவது மட்டும் கேட்டது. சைக்கிளில் முன்னால் போனவர் தனக்குப் பின்னால் ஒரு கார் வருவது தெரியாமல் தன்பாட்டுக்கு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தபால் நிலையத்து முனை வந்ததும் மனைவி பிரேக்கை லேசாகத் தொட்டார். திரையில் பேட்டரிப் படத்தில் ஒரு கட்டம் ஏறியது.

"கடையிலேர்ந்து இந்த முனை வரைக்கும் இன்ஜின் முழிச்சுக்காம வரணும். அதுதான் விளையாட்டு. நேத்து பேக்கரியிலேயே முழிச்சுக்கிச்சு. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுட்டான்."

"இது விளையாட்டா?"

"பின்ன? கார் ஓட்டறது ஜாலியா இருக்க வேணாமா? உங்ககூட கத்துக்கிட்டப்ப பயமால்ல இருந்துச்சு."

வீட்டில் அணைத்ததும் திரை இருபத்தாறு நான்கு என்றது. மாஸ்டர் நோட்டில் 'விளையாட்டு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். மறுநாள் அவரும் அதே இடங்களில் காலை எடுத்தார், அதே ரேடியோவைத் திருகினார். வளையல் கடையைக்கூட எட்டிப் பார்த்தார். பதினெட்டு இரண்டு.

வியாழக்கிழமை மாலை மச்சினன் அக்காவின் கடைக்கு வந்த பார்சலைக் கொடுக்க வீட்டுக்கு வந்தான். கொடுத்துவிட்டுப் போகிறவனா அவன்?

"மாமா, கேக்கணும்னு இருந்தேன். இன்னிக்குக் காலைல மேம்பாலத்துல உங்க பின்னாடிதான் வந்தேன். உங்க வண்டிக்கு என்ன வேண்டுதல்? ஏறும்போதும் பிரேக் லைட் எரியுது, இறங்கும்போதும் எரியுது!"

"நான் பிரேக்கே பிடிக்கலையே."

"அப்ப அது தானா எரியுதா? பின்னாடி வர்றவன் செத்தான். எனக்குக் காலே மரத்துப்போச்சு மாமா, நீங்க நிப்பீங்க நிப்பீங்கன்னு பிரேக் மிதிச்சு மிதிச்சு."

வேறு சமயமாக இருந்தால் மச்சினனுக்குச் சாலை விதிகள் பற்றி அரை மணி நேரம் கிடைத்திருக்கும். அன்று மாஸ்டர் எழுந்து அவன் தோளைத் தட்டினார். "ஒயரிங்! ஒயரிங் கோளாறுடா! லைட்டு எரியுதுன்னா உள்ள என்னமோ கரண்டைக் குடிக்குது. அங்கதான் போகுது என் எட்டு கிலோமீட்டரு!"

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மனைவியையும் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, சர்வீஸ் சென்டரில் போய் இறங்கினார். நோட்டை மேஜைமேல் வைத்தார். அங்கிருந்த இன்ஜினியர் அம்மாள் அவர் பேசி முடிக்கும்வரை பேனாவை மூடித் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு லைட்டைப் பார்த்தார், ஸ்விட்சைப் பார்த்தார். இரண்டும் நன்றாக இருந்தன. காரைத் தூக்கி ஒரு சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் குனிந்து பார்த்தவர், இன்னொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

"என்ன, என்ன?" என்றார் மாஸ்டர்.

"பிரேக் பேட் சார். தேஞ்சுபோச்சு."

"தேயத்தானே செய்யும்?"

"இந்தக் கார்ல தேயாது சார். வேகத்தைக் குறைக்கிற வேலையெல்லாம் மோட்டாரே பாத்துக்கும். அந்தச் சக்தி பேட்டரிக்குப் போயிடும். பேடு சும்மா பேருக்கு இருக்கும். நான் அஞ்சு வருஷத்துல இந்த மாடலுக்கு ஒண்ணுகூட மாத்தினதில்ல. இது பன்னெண்டாயிரம் கிலோமீட்டர்ல முடிஞ்சிருக்கு." அவர் குரலில் குறையே இல்லை. காணாததைக் கண்ட வியப்புதான் இருந்தது. "வாங்க, ஒரு சுத்து போலாம். நீங்க ஓட்டுங்க."

மாஸ்டர் ஓட்டினார். மனைவி பின்னால். இன்ஜினியர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்க்காமல் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். முதல் திருப்பம் தாண்டியதும் கேட்டார்.

"சார், உங்க இடது கால் எங்க இருக்கு?"

இந்தக் கேள்வியை இருபத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேட்டுக்கொண்டிருந்தவர் மாஸ்டர். அவரிடம் ஒருவர் கேட்பது இதுவே முதல் தடவை. கீழே பார்த்தார். இடது கால், பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு, பிரேக் பெடலின்மேல் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது.

டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து இருக்கைக்கும் தனி கிளட்ச், தனி பிரேக் உண்டு. இருபத்தாறு வருடம் அங்கே உட்கார்ந்திருந்த மாஸ்டரின் இடது கால், இடது கோடியில் உள்ள பெடலை விட்டு நகர்ந்ததில்லை. புதிய காரில் கிளட்ச் கிடையாது. இடது கோடியில் இருந்தது பிரேக். காலுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லவில்லை.

"வலது கால் போங்குது, இடது கால் நில்லுங்குது," என்றார் இன்ஜினியர் அம்மாள். "பாவம் சார் இந்த வண்டி. ரெண்டு மாமியார்."

பின்னாலிருந்து நோட்டின் பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. மனைவி ராகம் போட்டுப் படித்தார். "'இடது கால்: சும்மா கிடக்கிறது. சோம்பல். திருத்தப்பட வேண்டும்.' இது என்னைப் பத்தி எழுதினது."

"சத்தமா படிக்காத."

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு."

புதிய பேட் ஸ்டாக்கில் இல்லை. யாரும் கேட்டதே இல்லையாம். பழையது இன்னும் ஒரு வாரம் தாங்கும், இடது கால் விலகி இருந்தால், என்று சொல்லிவிட்டு இன்ஜினியர் அம்மாள் படிவத்தை எடுத்தார். "தேய்மானத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?"

"சாலை நிலைமை," என்றார் மாஸ்டர்.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் கால் கேட்க வேண்டுமே! மாலையில் ஓட்டிப் பார்த்தார். இடது காலைப் பின்னால் இழுத்து வைப்பார். இரண்டாவது சிக்னலில் அது பூனை மாதிரி மெல்ல வந்து பழைய இடத்தில் படுத்திருக்கும். அதட்டினார். "எடு காலை!" என்று பழக்கத்தில் உரக்கவே கத்திவிட்டார். நடைபாதையில் போன ஒருவர் நின்று தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

"ஷூவக் கழட்டிட்டு ஓட்டுங்களேன். வெறுங்கால்னா பெடல் மேல பட்டதும் தெரியும்," என்றார் மனைவி.

"ஷூ இல்லாம ஸ்டியரிங் கிடையாது. நானே போர்டு போட்டிருக்கேன்."

சனிக்கிழமை காலை, வகுப்புக்கு அரை மணி முன்னால், மாஸ்டர் காரில் தனியாக உட்கார்ந்து, மூச்சை அடக்கி, தொப்பையைத் தாண்டிக் குனிந்து, இடது ஷூவின் லேஸை அவிழ்த்து, அதன் நுனியை இருக்கைக்கு அடியிலுள்ள கம்பியில் நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டினார். நிமிர்ந்தபோது முகம் தக்காளியாக இருந்தது.

நான்கு பேரும் வந்தார்கள், லேஸ் கட்டிய ஷூக்களோடு. பல் டாக்டர் முன்னால், மற்றவர்கள் பின்னால். படிக்கட்டில் மனைவியும், வேடிக்கை பார்க்கவென்றே வேனை ஓரங்கட்டியிருந்த மச்சினனும் நின்றார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்று.

"ஓட்டுநரின் முதல் எதிரி யார்?" என்று ஆரம்பித்தார் மாஸ்டர்.

"யாரு மாஸ்டர்?" என்றார் பல் டாக்டர்.

சிக்னல் தூரத்தில் தெரிந்தது. மாஸ்டர் வலது காலை எடுத்தார். இடது கால் வழக்கம்போல் கிளம்பி, அரை அங்குலம் நகர்ந்து, லேஸ் இழுத்ததும் நின்றது. இன்ஜின் அடங்கியது. கார் தண்ணீரில் விட்ட இலை போலப் போனது. எங்கோ ஒரு ஜன்னலில் யாரோ பாத்திரம் அடுக்குவது கேட்டது. இத்தனை வருடமாக இந்தச் சாலையில் போய்வந்தவருக்கு அங்கே வீடு இருப்பதே இன்றுதான் காதில் விழுந்தது. தபால் நிலையத்து முனை வரை இன்ஜின் விழிக்கவில்லை. மாஸ்டரின் உதடு தானாக விரிந்தது. பேக்கரியைத் தாண்டியாச்சு என்று மனைவியிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"மாஸ்டர், எதிரி யாருன்னு சொல்லவே இல்லையே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"ஷ்ஷ்," என்றார் மாஸ்டர். "கேளுங்க."

சுற்று முடிந்து ஸ்கூல் வாசலில் நிறுத்தி அணைத்தார். திரை காட்டியது: இருபத்தாறு புள்ளி மூன்று. பின்னாலிருந்தவர்கள் கை தட்டினார்கள். பல் டாக்டர் குனிந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டு எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்து, கடைசியில் அவரும் தட்டினார். மச்சினன் வாயைப் பிளந்தபடி நின்றான்.

மாஸ்டர் கதவைத் திறந்தார். வலது காலை ஊன்றி, வாழ்த்தை ஏற்கும் தோரணையில் ஒரு கையை உயர்த்தி, கம்பீரமாக வெளியே வந்து நிமிர்ந்து நின்றார்.

இடது ஷூ காரிலேயே இருந்தது. சாக்ஸில் பெருவிரல் தெரிகிற அளவுக்கு ஓட்டை.