கிழக்குச் சுவர்

முதல் மூன்று பட்டை பெயிண்ட் அடிக்கும்வரை என் வீட்டுக்காரர் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தார். நாலாவது பட்டையில் விசில் நின்றது. சனிக்கிழமை எனக்கு வகுப்பில்லை என்பதால் சாப்பாடு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பல் ஆஸ்பத்திரியின் கிழக்குச் சுவரில் வெயில் பளீரென்று விழுந்துகொண்டிருந்தது. ஒரு பட்டை பெயிண்ட் இன்னொன்றோடு சேருகிற இடத்திலெல்லாம், பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்த சேலையில் தெரிகிற மடிப்பு மாதிரி ஒரு கோடு. அவர் அதன்மேல் திரும்ப ரோலரை ஓட்டினார். கோடு தடித்ததே தவிர மறையவில்லை.

சுவர் முடிகிற நேரத்தில் பல் டாக்டர் வெளியே வந்து பார்த்தார். என் வயதுதான் இருக்கும். சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். பிறகு, "திங்கக்கிழமை வேற ஆள வரச் சொல்லிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"சரிங்க மேடம்" என்றார் இவர். கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திரும்ப எடுத்துவந்தேன்.

இந்த ஊருக்கு எங்களைக் கூட்டிவந்தது நான்தான். முப்பத்தி நாலு வயசில், எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம். வகுப்பில் எல்லாரும் என்னை அக்கா என்கிறார்கள். ஒருத்தி வாய் தவறி ஆன்ட்டி என்றும் கூப்பிட்டாள். அவளிடம் நான் இன்னும் பேசவில்லை. எங்கள் பழைய ஊரில் வருஷத்தில் பாதி நாள் மழை, மீதி நாள் மழை வரும்போல இருக்கும். அங்கே பெயிண்டர்கள் வெயிலுக்காகத் தவம் கிடப்பார்கள். எந்தச் சுவரில் வெயில் விழுகிறதோ அங்கே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடி ஓடியே பதினாறு வருஷம் பேர் வாங்கினவர் இவர். வந்த முதல் நாள் மொட்டை மாடியில் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அதை அவர் பார்க்கவேயில்லை. வானத்தைப் பார்த்து, "இந்த வெயில வச்சுகிட்டு ஊரையே அடிச்சு முடிச்சிடலாம்" என்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அவ்வளவு பிரகாசமாக இல்லை.

அடித்தது மூன்று சுவர். முதலில் ஒரு வீட்டு மதில், அப்புறம் ஒரு கடை, இப்போது பல் ஆஸ்பத்திரி. மூன்றும் கோடு. பெயிண்ட் சரியில்லை என்று கடை மாற்றினார், ரோலரை மாற்றினார். கடைசியில் கடல்காற்றையும் திட்டிப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் மகளுடைய துணிகளைத் தனியாக மடித்து ஒரு பையில் வைத்தார்.

"நீ ஹாஸ்டல்ல இருந்து படி. பாப்பாவ நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். ரெண்டு வருஷம்தானே."

"அவளுக்கு யாரு தல பின்னி விடுவா?"

"கத்துக்கறேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிஜமாகவே சொன்னார். நானே படிப்பை விட்டுவிடுகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, சொல்லவும் மனசு வரவில்லை. எட்டு வயசு மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையிலிருந்த தன் பாவாடையை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தாள். அவர் அதைத் திரும்ப எடுத்துப் பையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு பஸ். ரோலரையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு அப்படியே கிளம்பலாமென்று பன்னிரண்டு மணி வாக்கில் பையோடு மூன்று பேரும் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காவல்காரர் கேட்டைத் திறந்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். இவர் சாமான்களைக் கட்டும்போது எனக்கு அந்தச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. பார்த்தேன். மேலே கோடு, கீழே கோடு. ஆனால் ஜன்னல் சன்ஷேடுகளுக்குக் கீழே ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் ஒரு கோடுகூட இல்லை. வழுவழுவென்று இருந்தது.

"ஏங்க, சன்ஷேடுக்குக் கீழ மட்டும் நல்லா அடிச்சிருக்கீங்களே."

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான் அடிச்சேன்."

"அப்ப இங்க மட்டும் ஏன் கோடு இல்ல?"

"வாத்தியார் வேலை பாக்காத. பதினாறு வருஷமா நான்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பக்கத்தில் வந்தார். நிழல் விழுந்திருந்த இடத்தைத் தடவினார். சன்ஷேடை அண்ணாந்து பார்த்தார். பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அழப்போகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார்.

"அங்க வெயிலத் தேடிப் போய் அடிப்போம். இங்கயும் அதையேதான் செஞ்சிருக்கேன். கொதிக்கிற சுவத்துல அடிச்சா ஓரம் உடனே காஞ்சிடும். அப்புறம் அடுத்த பட்டை எங்க போய் சேர்றது? நிழல் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். இவ்வளவுதான். மூணு சுவத்த நாசம் பண்ணிட்டேன்."

டாக்டருக்கு போன் போட்டார். "மேடம், இந்த ஒரு சுவத்த மட்டும் திரும்ப அடிச்சுக் காட்டறேன். கூலி வேண்டாம்." டாக்டர் ஏதோ சொன்னார்.

"அஞ்சு மணிக்கு வந்து பாக்கறாங்களாம்" என்று என்னைப் பார்த்தார். பஸ் நாலு மணிக்கு. இரண்டு பேருமே அதைச் சொல்லவில்லை.

இரண்டு மணிக்குள் சூரியன் கட்டடத்தைத் தாண்டி மேற்கே இறங்கியிருந்தது. கிழக்குச் சுவர் முழுக்க நிழலுக்கு வந்துவிட்டாலும், கை வைத்தால் தோசைக்கல்தான். அவர் உப்புத்தாளால் கோடுகளைத் தேய்த்துக்கொண்டே வர, நான் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். மகள் கையைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் பதித்தாள். பத்து எண்ணுவதற்குள் கை அடையாளம் மறைந்துவிட்டது. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. "அப்பப்ப வச்சு எண்ணிச் சொல்லு" என்றார். சுவர் ஆற ஆற இருபத்தைந்தானது. நாற்பதானது. வாசலில் இருந்த அவளுடைய துணிப்பையை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"மணி என்ன?"

"மூணே முக்கால்."

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போனால் இன்னும் பிடித்துவிடலாம். மகள் சுவரில் இன்னொரு கை வைத்தாள். நூறு எண்ணியும் அது அப்படியே இருந்தது. அவர் பெயிண்ட் வாளியின் மூடியைத் திறந்தார்.

மேலிருந்து கீழே ஒரு பட்டை. அதன் ஈர ஓரத்தைத் தொட்டுக்கொண்டே அடுத்தது. இதுவரை இவர் வேலை செய்வதை நான் நின்று பார்த்ததேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உடம்பில் அவசரம் தெரியவில்லை. ஆனால் ஒரு நொடிகூட நிற்கவும் இல்லை. ஆறாவது பட்டையில் குனிந்து தேடினேன். கோட்டைக் காணோம். இருந்தாலும் காய்ந்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்று எனக்கும் தெரியும்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்ன டாக்டர் நாலே முக்காலுக்கே வந்துவிட்டார். சுவரில் பாதிகூட முடியவில்லை. கேட்டைத் தாண்டி வந்து, "என்னங்க…" என்று அவரைக் கூப்பிட வாயெடுத்தார். மகள் குறுக்கே போய் நின்றாள்.

"அப்பாவ இப்பக் கூப்பிடாதீங்க ஆன்ட்டி. ஓரம் காஞ்சிடும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிப் படியில் வைத்துவிட்டு, நிழலில் எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. ஈர ஓரம் சுவரில் ஒவ்வொரு பட்டையாக நகர்ந்துகொண்டிருந்தது.