மெஷின் மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

மூலைவீட்டு வாஷிங் மெஷின் துணி பிழியத் தொடங்கினால் வீட்டை விட்டுப் போய்விடும். முன்பக்கம் வட்டக் கதவு வைத்த, இடுப்பு உயர மெஷின். துவைக்கும்வரை சாதுவாக நிற்கும், அலசும்வரை நிற்கும். டிரம் வேகமெடுத்ததும் உடம்பெல்லாம் உதற, தரையைத் தட்டிக்கொண்டே குளியலறையிலிருந்து கிளம்பி, கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கித் தெருவுக்கு வந்துவிடும். பிளக்கும் குழாயும் பிடுங்கிக்கொண்ட பிறகும் நடை நிற்காது. கேள்விப்பட்டு மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்த நேரத்தில் மீட்டர் ஓடுகிறதா என்று பார்த்தார், ஓடவில்லை, அப்படியானால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் வருஷம் மெஷின் மருந்துக்கடை வரை போயிற்று, மறு வருஷம் பேருந்து நிறுத்தம் வரை. பிழிந்து முடிக்கும்போது எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்று, கதவைத் தானே டக்கென்று திறந்துவிடும். வீட்டுக்கார அம்மா வாளியோடு பின்னாலேயே போய்த் துணியை எடுத்துக்கொண்டு, தள்ளுவண்டி பிடித்து அதைத் திரும்பக் கொண்டுவருவார். துணி என்னவோ நன்றாகப் பிழிந்திருக்கும். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

மேலே ஆள் உட்கார்ந்தால் அது நகராது என்று முதலில் யோசித்தவர் அந்த அம்மாவின் கணவர். யோசனை சரிதான், ஆனால் அவர் ஒல்லி. மெஷின் அவரையும் சுமந்துகொண்டு ரயில் பாதை வரை போயிற்று. வழியெல்லாம் குலுங்கியதில் அவருக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆடிப்போயின. இனிமேல் செத்தாலும் அதன்மேல் ஏறமாட்டேன் என்றார். பிற்பாடு காய்ச்சலில்தான் இறந்தார், மெஷினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அவர் போன மறு வருஷம் மகள், தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை வீட்டுக்கு அழைத்து வந்தாள். சிமெண்ட் கிடங்கில் மூட்டைகளை எடைபோடும் வேலை அவருக்கு. ஆளும் கனம் என்பதால் கிடங்கில் எல்லோரும் அவரை எடைக்கல் என்று கூப்பிட்டார்கள். வருங்கால மாமியார் அவருடைய குடும்பத்தைப் பற்றிக் கேட்கவில்லை, சம்பளத்தைப் பற்றியும் கேட்கவில்லை. உடம்பு எவ்வளவு இருக்கும் என்று மட்டும் கேட்டார். எடைக்கல் கூச்சத்தில் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். மாமியாரின் முகம் வாடியது. பொய் சொன்னது தெரிந்துவிட்டதோ என்று பயந்து உண்மை எடையைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. கல்யாணம் முடிந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

ஒன்பது வருஷம் உட்கார்ந்தார். செவ்வாயும் வெள்ளியும் துவைக்கிற நாள். அன்றைக்கு மட்டும் கிடங்கில் இரவு வேலைக்கு மாற்றிக்கொண்டு, மதியம் மெஷின் மேல் ஏறி, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். மெஷின் நகராது. நகர முடியாத கோபத்தையெல்லாம் அவர் உடம்பில் காட்டும். சட்டைப் பொத்தான்கள் நூலை விட்டுக் கழன்று விழும். ஒரு முறை பிழிகிற நேரத்தில் கிடங்கு மேலாளர் தொலைபேசியில் அழைத்தார், இவர் குரல் நடுங்கியதைக் கேட்டு வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்து மூன்று நாள் விடுப்பு கொடுத்தார். நாலாம் வருஷம் மாப்பிள்ளை இரண்டு விரற்கடை உயரம் குறைந்திருந்தார். தையற்காரர் ஒன்றும் கேட்காமல் அவருடைய கால்சட்டைகளை மடித்துத் தைத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள், உட்கார்கிற வேலை என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பது வருஷத்தில் மாமியார் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லை. காலர் சரியாக வெளுக்கவில்லை என்பார், துண்டில் ஈரம் இருக்கிறது என்பார், ஏதோ மாப்பிள்ளை சரியாக உட்காராததால்தான் அப்படி ஆயிற்று என்பதைப் போல.

சரி, வேறு மெஷின் வாங்கலாமே என்று கேட்காதவர்கள் இல்லை. துணி நன்றாகத்தானே வருகிறது, ஆள் ஒருத்தர் உட்கார வேண்டும், ஆள்தான் இருக்கிறாரே என்பது மாமியாரின் பதில். பழுது பார்க்கிறவரையும் கூப்பிட்டார்கள். அந்தப் பகுதியில் அவருக்கு நாளைக்காரர் என்று பெயர். வந்தவர் மேல் மூடியைக் கழற்றி, டிரம்மை ஒரு அழுத்து அழுத்தி விட்டார். நல்ல மெஷினாக இருந்தால் டிரம் ஒரே தடவை எழும்பி நின்றுவிடும். இது ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது. டிரம்மை மேலே ஸ்பிரிங்குகள் தாங்குகின்றன, கீழே இரண்டு ஷாக் அப்சார்பர்கள் அதன் துள்ளலை அடக்குகின்றன, அவை இரண்டும் தேய்ந்துவிட்டன, புதிது போட வேண்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். அந்த நாளை ஆறு வருஷமாகியும் வரவில்லை. சந்தையில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டு நாளைக்கு என்பார். நமக்கே எரிச்சலாக இருக்கிறதென்றால், மேலே உட்கார்ந்து குலுங்கியவருக்கு எப்படி இருந்திருக்கும்.

கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தது மனைவி. நகரத்தின் மறுகோடியில், சைக்கிள் கடைக்குப் பின்னால், தரைத்தளத்தில் இரண்டு அறை பார்த்து வைத்திருந்தாள். சமையலறையில் ஜன்னல் இருந்தது, மாதக் கடைசி வரை காத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பிழிந்து முடிந்து மாப்பிள்ளை கீழே இறங்கியதும், துவைத்த துணியை மடித்தபடியே சொன்னாள்:

"மெஷின் நின்னா ரெண்டு பேரும் போவோம். நிக்கலைன்னா நீங்க அது மேலயே உட்கார்ந்திருங்க, நான் போறேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் பயமாக இருந்தது. அன்று மாலையே கடைக்குப் போனார். கடையில் ஒரே ஒரு ஷாக் அப்சார்பர் இருந்தது, ஜோடி வர இரண்டு வாரமாகும் என்றார்கள். ஒன்றையாவது மாட்டினால் பாதி ஆட்டமாவது குறையுமே என்று வாங்கி வந்தார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பழைய மெத்தையை விரித்து மெஷினை மல்லாக்கச் சாய்த்தார், உள்ளே மிச்சமிருந்த தண்ணீர் மெத்தையெல்லாம் வழிந்தது. ஓடுகிற மெஷினை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று மாமியார் கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். இடது பக்கம் புதிது, வலது பக்கம் பழையது. வெள்ளிக்கிழமை பிழியத் தொடங்கியதும் மெஷின், அதுவரை செய்யாத காரியமாக, மாப்பிள்ளையைச் சுமந்தபடியே வட்டம் போட்டது. குளியலறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் ஒவ்வொரு சுற்றுக்கும் காலை மடக்கிக்கொண்டார். இறங்கிய பிறகும் மாப்பிள்ளைக்குச் சுவர்கள் சுற்றுவது நிற்கவில்லை. பின்னால் இரண்டு நாள் நேராக நடக்க முயன்றாலும் இடது பக்கமே திரும்பிப் போனார்.

இரண்டாவது ஷாக் அப்சார்பர் மாதக் கடைசிக்கு முந்தைய நாள் வந்தது. இந்த முறை மாட்டிக்கொண்டது ஆணி. ஷாக் அப்சார்பரை அடித்தட்டோடு சேர்க்கிற பிளாஸ்டிக் ஆணி அது, அதன் நுனியில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. கொக்கியை அமுக்கிக்கொண்டே ஆணியை இழுக்க வேண்டும். அமுக்கினால் இழுக்க வரவில்லை, இழுத்தால் அமுக்கக் கை போதவில்லை. குறடு வழுக்கியது. சுத்தியல் கட்டைவிரலில் விழுந்தது. தரையில் படுத்து, மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டு, துருவும் சோப்புத் தண்ணீரும் கண்ணில் சொட்ட, அந்த மாப்பிள்ளை அழுதார். விரல் வலித்ததால் அழுதார் என்று பிறகு சொல்லிக்கொண்டார், அதை நாம் நம்ப வேண்டியதில்லை. மனைவி வந்து பக்கத்தில் படுத்து, தன் மெல்லிய விரலால் கொக்கியை அமுக்கிப் பிடித்தாள். அவர் இழுத்தார். ஆணி வந்துவிட்டது. கழற்றிய பழைய ஷாக் அப்சார்பரின் தண்டு, சுண்டுவிரலால் தள்ளினாலே உள்ளே போய் வந்தது. புதியதை அழுத்த இரண்டு கையும் வேண்டியிருந்தது.

அன்றே ஈரத்துணி போட்டுப் பிழிந்து பார்த்தார்கள். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய டம்ளரை மெஷின் மேல் வைத்து, மாப்பிள்ளை பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ஒன்பது வருஷப் பழக்கம், பிழிகிற நேரம் வந்தால் உடம்பு தானாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. இறங்கிப் பாருங்கள் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரம் வேகமெடுத்தது, டம்ளர் தண்ணீரில் ஒரு அலைகூட இல்லை. மாமியார் வந்து டம்ளரைக் குனிந்து பார்த்தார். மாப்பிள்ளை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தார், சோப்புத்தூள் போடுகிற பெட்டியில் தண்ணீர் நிற்கிறது என்றார், போய்விட்டார். மறுநாள் காலையில் இரண்டு பெட்டியோடும் ஒரு மடக்கு நாற்காலியோடும் அவர்கள் குடிபோனார்கள். மாமியார் வாசல் வரை வந்தார். பத்திரமாகப் போங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போங்கள் என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மதியம், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மாப்பிள்ளை சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தெருவில் சைக்கிள்களை இழுத்து ஓரம்போடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மெஷின் வந்துகொண்டிருந்தது. ஆட்டத்தால்தான் அது நடக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் வேறு, நடை வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உதறலும் இல்லை, சத்தமும் இல்லை, வடிகிற தண்ணீர் மட்டும் பின்னால் கோடு போட்டுக்கொண்டு வந்தது. மேலே, ஒரு தலையணை போட்டு, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, குடை பிடித்தபடி மாமியார் உட்கார்ந்திருந்தார். மெஷின் நேராக அவர்கள் வாசலுக்கு வந்து, நின்று, கதவை டக்கென்று திறந்தது.

மாப்பிள்ளைக்குத் தலைக்குமேல் கோபம் வந்தது. நசுங்கிய விரல், நனைந்த மெத்தை, ஒன்பது வருஷம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிட வாயைத் திறந்தார். மாமியார் குடையை மடக்கினார், கீழே இறங்கினார், மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆட்டமே இல்ல மாப்பிள்ளை," என்றார். "நல்லா மாட்டியிருக்கீங்க."

சொல்ல நினைத்ததெல்லாம் மாப்பிள்ளைக்கு மறந்துபோயிற்று. வாளியை எடுத்துக்கொண்டு வந்தார். துணிகளுக்கு நடுவே, அவர் அங்கே விட்டுவிட்டு வந்த சட்டையும் இருந்தது, எல்லாப் பொத்தானோடும். படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்ட மகள் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"திரும்ப எப்படிம்மா போவ?"

"இன்னொரு தடவை சும்மா பிழியவிட்டா போயிடும்," என்றார் அம்மா.

அப்படியே போனார். வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். சைக்கிள் கடைக்காரர் அந்த நேரத்துக்கு வழியைக் காலியாக வைக்கப் பழகிக்கொண்டார். சில வருஷம் கழித்து மெஷினில் மறுபடியும் லேசான உதறல் தொடங்கியது. மாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மனைவி கணவரிடம் தனியாகச் சொன்னாள், இந்த முறை மாற்றாமல் விட்டுவிட்டால் போதும், இன்னும் நாலு மாதத்தில் அம்மாவால் அதில் உட்கார முடியாது, நாம் நிம்மதியாக இருக்கலாம். மாப்பிள்ளைக்கும் அந்த யோசனை ஏற்கெனவே வந்திருந்தது. இரவெல்லாம் யோசித்தார். காலையில் முணுமுணுத்துக்கொண்டே கடைக்குப் போய், ஜோடியாகவே வாங்கிக்கொண்டு வந்தார். ஆணி அந்த முறையும் லேசில் வரவில்லை.