பொனட்டில் விழுந்த கீறல்

பிரஷாந்தனுக்குக் கார் என்றால் உயிர். மனைவி சயந்தினி என்றால் என்னவென்று அவனிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பான். கறுப்புக் காரில் தூசி தெரியும், கீறல் தெரியும் என்று விற்றவனே சொல்லிப் பார்த்தான். கேட்கிற ஆளா? கறுப்புத்தான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்று வாங்கிக்கொண்டு நார்த்மீட் வீட்டுக்கு வந்தான்.

சனிக்கிழமை காலையில் அவன் கார் கழுவுகிற அழகைப் பார்க்க வேண்டும். வெயில் படாத பக்கமாக நிறுத்துவான். வாளி இரண்டு: ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். ஹோஸ் பிடித்து மண்ணெல்லாம் போன பிறகுதான் ஷாம்புத் துணி படும். கூரையில் தொடங்கிக் கீழே வருவான். சக்கரத்துக்கு வேறு துணி. துணி நிலத்தில் விழுந்தால் அன்றோடு அதற்குக் குப்பைத் தொட்டிதான் கதி. இந்த மனிதனுக்குள் இவ்வளவு பொறுமை எங்கே ஒளிந்திருக்கிறது என்று சயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏழு மாத வயிற்றோடு அவள் உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தால் போனாலும் அவன் நிமிர்ந்து பார்க்க மாட்டான்.

பிள்ளைப்பேறு பார்க்கவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அவளுடைய தாய் சிவனேஸ்வரியை அவனுக்கு வந்த நாளிலிருந்தே கண்ணில் காட்டக்கூடாது. மீன் பொரித்தால் வீடெல்லாம் மணக்கிறது என்பான். விடிய ரேடியோ போட்டால் தலையிடிக்கிறது என்பான். மாமிக்கும் மருமகன் மேல் பாசம் பொங்கி வழியவில்லை. சாப்பாட்டைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, முகத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள். நடுவில் நின்று நசிபட்டவள் சயந்தினிதான்.

ஒரு சனிக்கிழமை, கழுவித் துடைத்த காரை வெயிலுக்கு எடுத்தவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பொனட்டின் நடுவில் வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள்.

"இது உம்மடை அம்மான்ரை வேலை. குசினித் துணியாலை போட்டுத் தேய்ச்சிருக்கிறா."

அவன் அப்படிச் சொல்ல ஒரு காரணம் இருந்தது. முன்பொரு நாள் கார்க் கண்ணாடியில் பறவை எச்சமிட்டுவிட, சிவனேஸ்வரி அதைக் குசினித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்டுவிட்டுக் குதித்தான்.

"அண்டைக்குக் கண்ணாடியை மட்டும்தான் தம்பி துடைச்சனான். வேறை ஒரு இடத்திலையும் கை வைக்கேல்லை" என்றாள் சிவனேஸ்வரி.

அவன் மாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். மனைவியைப் பார்த்துத்தான் சொன்னான்: "டண்டினொங்குக்கு அனுப்பும். மகன் வீட்டிலை போய் நிக்கட்டும்."

மெல்பேர்னில், டண்டினொங்கில் இருக்கும் மகன் சுபாங்கனின் வீட்டில் மாமியும் மருமகளும் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிவிட்டது. அது தெரிந்துதான் சொன்னான். சயந்தினி மாதத்தை எண்ணிப் பார்த்தாள். தாய் இல்லாமல் இந்த மனிதனோடு தனியாகப் பிள்ளை பெறுவதா? எப்படியாவது தாயை இங்கே வைத்திருக்க வேண்டும். ஒரு மன்னிப்போடு முடிகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டு தாயின் அறைக்குப் போனாள்.

"பொய் சொல்லாதேங்கோ அம்மா. தேய்ச்சுப் போட்டன், தெரியாமல் நடந்திட்டுது எண்டு சொல்லுங்கோ. அந்தாள் அடங்கிவிடும்."

சிவனேஸ்வரி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து போய்ப் பயற்றங்காய் நறுக்கத் தொடங்கினாள். அன்று பின்னேரமே சுபாங்கனுக்குத் தானாகவே போன் எடுத்து, அடுத்த சனிக்கிழமைக்குப் பிளேன் டிக்கட் போடச் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சயந்தினி கத்தினாள், அழுதாள், அவனுக்குத் தேத்தண்ணீர் போடுவதை நிறுத்தினாள். "போறன் எண்டு நிக்கிறது அவ. நான் பிடிச்சுத் தள்ளினனானே?" என்றான் அவன்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலக் கோயிலுக்குப் போய்வந்து காரின் பொனட்டில் திருநீற்றை மூன்று குறியாக இழுத்து, நடுவில் சந்தனப் பொட்டும் வைத்தான். காருக்குப் பூசை செய்வித்த நாளிலிருந்து ஒரு வெள்ளியும் தவறியதில்லை.

மறுநாள் காலை குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்ற சயந்தினிக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை. இரண்டு வாளியும் நிரப்பினான். ஹோஸைத் திறப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, பொனட்டில் காய்ந்து கிடந்த திருநீற்றையும் சந்தனத்தையும் வட்டம் வட்டமாக அழுத்தித் துடைத்தான். பிறகு துணியைக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடியடியில் பக்தியோடு உதறினான். திருநீறு தண்ணீரோடு ஓடிக் கால்படுகிற இடத்துக்குப் போகக்கூடாதாம்!

சயந்தினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"நிப்பாட்டுங்கோ! ஒரு கிழமைத் தூசி, அதுக்கு மேலை திருநீறு. காய்ஞ்சபடியே போட்டுத் தேய்ச்சால் கீறாமல் என்ன செய்யும்?"

"விசர்க்கதை கதையாதையும். திருநீறு கீறுமே?"

"பித்தளை விளக்கை உங்கடை அம்மா எதாலை மினுக்கிறவ? சாம்பலாலைதானே! கதவிலை கீறல் இருக்கோ? கூரையிலை இருக்கோ? நீங்கள் குறி இழுக்கிற இடத்திலை மட்டும் ஏன் இருக்கு?"

அவன் குனிந்து பொனட்டைப் பார்த்தான். விரலால் தடவினான். காது சிவந்தது. மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வருமா? வாளியைக் காலால் தள்ளிவிட்டு, "சரி, மாமியை நிக்கச் சொல்லும்" என்று மட்டும் முணுமுணுத்தான்.

அது போதும் சயந்தினிக்கு. வென்றுவிட்ட துள்ளலில் அறைக்குள் நுழைந்து, மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். சிவனேஸ்வரி சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த சேலையை எடுத்தாள்.

"அம்மா, கேட்டதே? அவரே நிக்கச் சொல்லிப் போட்டார்."

"அவர் சொன்னதுக்கு நான் வெளிக்கிடேல்லைப் பிள்ளை. அவர் பிறத்தி ஆள். வாயிலை வந்ததைச் சொல்லுவார். பொய் சொல்லாதேங்கோ எண்டு என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னது நீ."

சயந்தினி தாயின் கையிலிருந்த சேலையைப் பிடித்தாள். "நான் உங்களை வைச்சிருக்கத்தானே அம்மா அப்பிடிச் சொன்னனான்."

"என்னைப் பொய்க்காரி ஆக்கியோ?"

"நான் வயித்தோடை நிக்கிறன் அம்மா."

"அண்டைக்கும் வயித்தோடைதான் நிண்டனீ." சிவனேஸ்வரி பெட்டியை மூடி, மேலே முழங்காலை ஊன்றி ஸிப்பை இழுத்தாள். "பிள்ளை பிறந்தாப்பிறகு அறிவி. வந்து பாக்கிறன். இப்ப ஒரு டாக்சியைக் கூப்பிடு."

வெளியே ஹோஸ் தண்ணீர் காரில் அடிக்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு இந்த வீட்டில் தனக்கென்று யாரும் இல்லை என்பது சயந்தினிக்கு விளங்கியது. கட்டிலில் உட்கார்ந்து டாக்சிக்குப் போன் எடுத்தாள்.