டைக் வெட்ட வந்தவர்கள்

என் மனைவியைப் பற்றி நானே சொன்னால் பெருமையடிக்கிறேன் என்பீர்கள். அடிக்கத்தான் போகிறேன்.

டச்சுக் கடலோரம் நியூக்ரேக என்ற ஊரில் ரொட்டி சுடுகிறவன் நான். பெயர் லேனிஸ். என் மனைவி யோபினா ஊர் வாசகசாலையைப் பார்த்துக்கொண்டாள். கதைப் புத்தகங்களை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் கண்ணாடி அலமாரியில் இருந்தவை வெளியே போகாது. அகராதிகள், நிலப்படங்கள், செடிகொடி பற்றிய தொகுதிகள். மருத்துவர் ஒருவர் சாகும்போது எழுதிவைத்த சொத்து. "அதெல்லாம் எடுத்துப் படிக்கிற புத்தகமில்ல, எடுத்துப் பார்க்கிற புத்தகம்" என்பாள் யோபினா. அவளைத் தவிர எடுத்துப் பார்த்தவர்கள் அதிகமில்லை; அவற்றைப் பார்த்தே அவள் கொஞ்சம் ஆங்கிலம் கற்றிருந்தாள்.

ஐம்பத்து மூன்றில் கடல் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது நான் மாவு மூட்டைகளை மாடிக்கு ஏற்றினேன். அவள் பக்கத்திலிருந்த வாசகசாலைக்கு ஓடி அந்த அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். கடைசி நடை வரும்போது தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. தலைக்கு மேலே தூக்கிப்பிடித்தும் ஆங்கிலப் பேரகராதியும் டச்சுப் பேரகராதியும் நனைந்துபோயின. தண்ணீர் வடிந்து அடுப்பு மறுபடி எரிய ஆரம்பித்ததும், அவற்றை விரித்து என் ரொட்டி அடுப்பின் மேல் நிறுத்திவைத்தாள். ரொட்டி வாங்க வந்தவர்களெல்லாம் கேலி செய்தார்கள்.

"என்ன லேனிஸ், இன்னிக்கு எந்தப் புத்தகம் வெந்திருக்கு?"

"நல்லா வேகட்டும்யா, மேல கொஞ்சம் வெண்ணெய் தடவித் தா!"

யோபினா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்ட தாள்களை வெண்ணெய்க் கத்தியால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் பாதி தப்பியதற்குக் காரணம் உள்கரை. கடலைத் தடுத்து நின்ற வெளிக்கரை உடைந்த பிறகும், ஊருக்குக் குறுக்கே கிடந்த அந்தப் பழைய மண்கரை நின்றது. எங்கள் வீதியும் தேவாலயமும் அதற்கு இந்தப் பக்கம். அதன் தலைக்கு மேல் வழிந்து இந்தப் பக்கம் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது. அந்தப் பக்கம் வயல்களெல்லாம் உப்புத் தண்ணீர். வெளிக்கரையின் உடைப்பை மணல் மூட்டையால் அடைத்தாயிற்று. ஆனால் உள்ளே நின்ற தண்ணீர் போக வழியில்லை. உள்கரையின் அடியோடு ஓடும் பெரிய வாய்க்கால் சேறும் வைக்கோலும் வேலிக்கம்பியுமாகத் தூர்ந்துகிடந்தது.

அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து பம்புகளோடு ஆட்கள் வந்தார்கள். தலைவர் டான்ஸ்லி, நெட்டையான மனிதர். அவருடைய ஊரும் எங்களூர் போலவே கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சதுப்புச் சீமை. பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டோம். எங்கள் கரைத்தலைவர் கிரெய்ன் வெர்ஹாகெதான் மொழிபெயர்த்தார். கரைகளும் தண்ணீரும் அவர் பொறுப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஆங்கில அகராதி இருக்கும். கெட்டிக்காரர், கோபக்காரர்.

டான்ஸ்லி வரைபடத்தில் உள்கரையின் மேல் விரலை ஓட்டினார். ஏதோ சொன்னார். கிரெய்னின் முகம் வெளுத்துப்போனது. சட்டைப்பை அகராதியை எடுத்துப் பார்த்தார். மூடினார்.

"என்னய்யா சொல்றான்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நாளைக்குக் காலையில டைக்கை இந்த முனையிலேருந்து அந்த முனை வரைக்கும் வெட்டப்போறானாம்."

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் கரை என்று ஒரே அர்த்தம்தான். அவர்கள் பேச்சிலும் ஏறக்குறைய அதே ஒலி. பள்ளிக்கூடம் இரைச்சலானது. மிஞ்சின ஒரே கரை. அதற்கு இந்தப் பக்கம்தான் எல்லாக் குடும்பமும் ஒண்டிக்கிடந்தது.

"வெட்டுவானா? அவன் கையை வெட்டுவேன்!"

"உதவி செய்ய வந்தவன் செய்யிற காரியமா இது?"

டான்ஸ்லி ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். நாளை காலை வேலை ஆரம்பம் என்று தன் ஆட்களிடம் அவர் சொன்னது யோபினாவுக்குக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவள் மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பட்டாணி சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படி உக்காந்திருக்க?" என்றேன்.

"கடலுக்குக் கீழ பொறந்து வளர்ந்தவன் லேனிஸ் அவன். கரையை வெட்டுன்னு சொல்ல அவனுக்கு வாய் வருமா?"

"கிரெய்ன் புத்தகத்தைப் பார்த்துத்தான சொன்னாரு."

"அது பையில போடுற புத்தகம். பையில எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் அதுல இருக்கும்."

அடுப்பு மேலிருந்த ஆங்கிலப் பேரகராதியை இறக்கினாள். அந்தச் சொல் வரும் பகுதி இன்னும் ஈரம். இழுத்தால் கிழிந்துவிடும். இன்னும் ஒரு சூடு பட வேண்டும் என்று திரும்பவும் அடுப்பின் மேல் வைத்தாள். காலையில் நான் ரொட்டிகளை எடுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கத்தியை விட்டு மெதுவாக நெம்பினாள். தாள் பிரிந்தது. படித்தாள். இன்னொரு முறை படித்தாள். டச்சுப் பேரகராதியையும் திறந்து விரலை ஓட்டினாள்.

"லேனிஸ், வண்டிய எடு!"

என்னுடைய மூன்று சக்கர ரொட்டி வண்டியில் சுடச்சுடப் போலஸ் இனிப்புகள் இருந்தன. அவற்றின் மேல் பலகை போட்டு இரண்டு அகராதிகளையும் வைத்தோம். நான் மிதித்தேன். அவள் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள்.

உள்கரை மேல் எங்கள் ஆட்கள் வரிசையாக நின்றார்கள், கையில் வைக்கோல் அள்ளும் கவைக்கம்பும் மண்வெட்டியுமாக. கீழே டான்ஸ்லியின் ஆட்கள், அவர்கள் கையிலும் மண்வெட்டி. நடுவில் கிரெய்ன் கையை விரித்து நின்றார். ஒரு ஆங்கிலேயன் ஒரு அடி முன்னே வைத்தான். மேலேயிருந்து ஒரு மண்ணாங்கட்டி பறந்து அவன் தோளில் விழுந்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் யோபினா. அவள் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

கனத்த புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நேராக டான்ஸ்லியிடம் போய், பக்கத்தைத் திறந்து, விரலை வைத்து, ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அவர் குனிந்து பார்த்தார். பிறகு தூர்ந்த வாய்க்காலைக் காட்டினார். இன்னொரு முறை அழுத்தி, அந்த வாய்க்காலையே காட்டினார்.

யோபினா எங்கள் பக்கம் திரும்பினாள்.

"கிரெய்ன் ஐயா, இங்க வந்து பாருங்க. அவங்க சொல்லுக்கு இங்க ரெண்டு அர்த்தம் போட்டிருக்கு. ரெண்டாவதா இருக்கறது கரை. முதல்ல இருக்கறது வாய்க்கால். இவங்க சீமையில அதைத்தான் டைக்னு சொல்றாங்க. வாய்க்காலத் தூர் வெட்ட வந்திருக்காங்க. நம்ம வாய்க்கால!"

கிரெய்ன் இறங்கிவந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"ஒரு சொல்லுக்கு எப்படிம்மா குழியும் அர்த்தம், மேடும் அர்த்தம்?" என்றார் மெதுவாக. கோபம் போய்விட்டிருந்தது. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"அதுக்குத்தான் நம்ம புத்தகத்தையும் கொண்டுவந்தேன்" என்று டச்சுப் பேரகராதியைத் திறந்தாள். "ஆதியில ஒரே சொல்லாம். மண்ணைத் தோண்டுறோம். தோண்டின எடம் குழி, அள்ளிப்போட்ட எடம் மேடு. வேலை ஒண்ணுதானே? அவங்க குழிக்கு அந்தப் பேரை வெச்சுக்கிட்டாங்க, நாம மேட்டுக்கு வெச்சுக்கிட்டோம்."

டான்ஸ்லிக்கும் அதை அவர் மொழியில் சொன்னாள். அந்த நெட்டை மனிதர் எங்கள் கரையை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சொன்னதை யோபினா எங்களுக்குச் சொன்னாள்: "'உங்க கரைய நான் வெட்டினா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டா'ங்கறார்."

கரை மேலிருந்து முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் எல்லோரும் சிரித்தோம். மண்ணாங்கட்டி எறிந்தவன் இறங்கிவந்து அந்த ஆங்கிலேயனின் தோளைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான். நான் பலகையைத் தூக்கிப் போலஸ்களைப் பங்கிட்டேன். பிறகு அவர்களும் நாங்களும் ஒரே வாய்க்காலில் இறங்கினோம். டைக் என்று அவர்கள் சொன்னால் நாங்கள் கீழே காட்டுவோம். நாங்கள் சொன்னால் அவர்கள் மேலே காட்டுவார்கள். அன்றைய வேலை முழுக்க அதுவே பெரிய தமாஷ்.

வாய்க்கால் திறந்தது. பம்புகள் ஓடின. வயல்களில் முதலில் வேலிக்கம்பங்கள் தலைகாட்டின. பிறகு சேறு, பிறகு தரை.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் கிரெய்ன் வெர்ஹாகெ வாசகசாலைக்கு வந்தார். மரச்செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து, மேசை முன்னால் நின்றார். நான் ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன், அதனால் பார்த்தேன்.

"யோபினா அம்மா, மதகு பத்தி டான்ஸ்லிக்கு ஒரு கடுதாசி எழுதணும். நாம சொல்றதும் அவங்க சொல்றதும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேக்குது. ஆனா இனிமே நான் காதை நம்பறதா இல்ல."

"உக்காருங்க" என்றாள். அலமாரியைத் திறந்து புத்தகத்தை இறக்கினாள். இருவரும் தலையைக் குனிந்து தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் கிரெய்ன் மேசையைத் தட்டினார்.

"அடேயப்பா! நம்ம சொல்லுல கப்பல் கடக்கிற பெரிய வாயில். அவங்க சொல்லுல தண்ணி விடுற சின்னக் கதவு. நல்லவேளை, கேட்டேன்!"

அவருக்குப் பின்னால் வாசலில் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருத்திக்கு உப்பேறிய மண்ணில் எது விளையும் என்று தெரிய வேண்டும். இன்னொருவருக்கு, ஆங்கிலேயர் அனுப்பிய மருந்துப் புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று. என் மனைவி நிமிர்ந்து, "வரிசையா வாங்க, எல்லாருக்கும் பார்த்துச் சொல்றேன்" என்றாள். நான் ரொட்டியை மேசையோரம் வைத்துவிட்டு, போக மனமில்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.