பத்தொன்பது குப்பி

அடுக்கில் மூன்றாவதாக இருந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிய கையிலேயே தங்கபுஷ்பத்துக்கு விளங்கிவிட்டது. முப்பது ஆண்டுகள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்து, பெட்டியைத் திறக்காமலே உள்ளே சேலை இருக்கிறதா வெறும் அட்டை இருக்கிறதா என்று சொல்லிவிடக்கூடிய கை அது. குலுக்கினாள். சத்தமில்லை. நான்காவது பெட்டியைக் குலுக்கினாள். ஒரே ஒரு குப்பி உருண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பேரனுக்கு வைட்டமின் டி கொடுக்கும் நாள். சுண்டுவிரல் உயரமுள்ள குப்பி. வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரம், அதற்குமேல் வேண்டாம் என்று மயிலாப்பூர்க் குழந்தை மருத்துவர் விஜயராகவன் சீட்டில் எழுதி, எழுதியதற்குக் கீழே கோடும் இழுத்திருந்தார். ஆறு என்று எழுதினால் ஆறு வாங்குகிற குடும்பமா அது? மருந்து மொத்த வியாபாரம் செய்யும் நண்பனிடம் சொல்லி, மகன் சுரேஷ்குமார் பெட்டிக்குப் பத்து வீதம் நான்கு பெட்டி வாங்கி வந்தான். "கெடக்கட்டும்மா, சத்துதானே" என்றான். மூன்று ஞாயிறுகளில் மூன்று குப்பி தீர்ந்தன. முப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் இப்போது பதினெட்டு இருந்தது.

"ஏ மதுமதி! பத்தொம்பது குப்பியக் காணும்ட்டீ!"

சமையலறையில் இட்லித்தட்டைக் கழுவிக்கொண்டிருந்த மருமகள் மதுமதிக்கு அந்த எண் காதில் விழுவதற்கு முன்பே தெரியும். அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

பால்கனியில் டோரதி குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறித் தியாகராய நகர் வருபவள். பத்து மாதமாக அந்த வீட்டில் வேலை. கடையைத் தொடங்கிய தாத்தாவின் பெயரைச் சுமந்த இரண்டு வயது ஜவஹர், யார் ஊட்டினாலும் உதட்டைப் பூட்டிக்கொள்வான். டோரதியின் கைக்கு மட்டும், உஸ்மான் சாலையில் போகிற பஸ்ஸுக்கு ஒரு வாய் என்று கொஞ்சம் இரங்குவான். அந்த இரக்கமும் இப்போது இரண்டு வாரமாகக் குறைந்திருந்தது.

"டோரதி, இங்க வா. இந்தப் பெட்டிய யார் எடுத்தா?"

"எந்தப் பொட்டி? மேல கீற பொட்டியாம்மா? எனக்கு எட்டாதே அது."

"ஸ்டூலு இருக்குல்லா. ஒனக்கும் இதே வயசுல ஒரு பிள்ளை இருக்குல்லா."

"இருந்தா? என் புள்ள சோறு துன்னுதும்மா. அதுக்கு எதுக்கு மருந்து?"

அந்தப் பதில்தான் அவளுக்கு வினையாயிற்று. பேரன் சாப்பிடாத வீட்டில் நின்றுகொண்டு, என் பிள்ளை சாப்பிடுகிறது என்று ஒரு வேலைக்காரி சொல்லலாமா? தங்கபுஷ்பம் அவளுடைய பையைப் பிடுங்கிச் சாப்பாட்டு மேசைமேல் கவிழ்த்தாள். ஒரு சீப்பு, ஒரு செபமாலை, மதியச் சோற்று டப்பா. டப்பாவின் மூடியையும் திறந்து பார்த்தார்கள். குப்பி இல்லை. இல்லாததே போதிய சான்று ஆகிவிட்டது. "வித்திருப்பா" என்றான் சுரேஷ்குமார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

டோரதி வாதாடவில்லை. சிதறியதைப் பைக்குள் போட்டுக்கொண்டே மதுமதியின் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சும் பார்வை இல்லை அது. திட்டும் பார்வையும் இல்லை. பஸ் வருமா என்று நிறுத்தத்தில் நிற்பவர்கள் பார்க்கிற பார்வை. மதுமதி குழந்தையின் கிண்ணத்தில் ஆறிப்போயிருந்த இட்லியைப் பார்த்தாள். கதவு சாத்தப்படும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பத்தொன்பதையும் கொடுத்தது அவள்தான்.

ஏன் கொடுத்தாள் என்று கேட்பதானால், அவளை ஏன் கொடுக்க வைத்தீர்கள் என்று ஊரையும் கேட்க வேண்டும். குழந்தையின் எடை வளர்ச்சி அட்டையின் கோட்டுக்குள்தான் இருக்கிறது, இந்த வயதில் சில பிள்ளைகள் இப்படித்தான் என்று மருத்துவர் சொன்னது அந்த வீட்டில் எவர் காதிலும் ஏறவில்லை. அடையாற்றில் உறவினரின் புதுக் கடைத் திறப்பு விழாவில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருத்தி ஜவஹரின் கால்சட்டையை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்து, "ஊருக்கெல்லாம் துணி விக்கிற வீடு, ஒங்க பிள்ளை இடுப்புல துணி நிக்க மாட்டேங்குதே" என்றாள். நாற்பது பேர் சிரித்தார்கள். சுரேஷ்குமாரும் சிரித்தான். வீடு திரும்பும் வழியில், "நாலு வயசுல என்னத் தூக்க ரெண்டு பேர் வேணுமாம். எங்கம்மா வளத்த வளப்பு அப்படி" என்றான். பிள்ளை கொழுத்தால் அது குலத்தின் பெருமை. இளைத்தால் தாயின் குற்றம். இந்தச் சட்டத்தை எந்த மன்றம் இயற்றியது? எவரும் இயற்றவில்லை. ஆனாலும் அதன்படி தீர்ப்புகள் மட்டும் நாள்தோறும் வழங்கப்படுகின்றன.

அந்த விழாவுக்கு மறுநாள் காலை, குளிப்பாட்டிய ஈரத்தோடு குழந்தையைத் துண்டில் சுற்றி, கதவைத் தாழிட்டு, அடிப்பெட்டியிலிருந்து முதல் குப்பியை எடுத்தாள். இனிப்பாக இருந்ததால் அதை மட்டும் அவன் மறுக்காமல் விழுங்கினான். அவள் கையிலிருந்து எதையோ ஒன்றை மறுக்காமல் விழுங்கினான்! அந்த நிறைவுக்காகவே இன்னும் நூறு குப்பி கொடுக்கலாம் போல இருந்தது. முதல் பத்து நாள் ஒருநாள் விட்டு ஒருநாள். அவன் முன்னைவிடக் குறைவாகச் சாப்பிடத் தொடங்கியதும், தினமும் ஒன்று. சாப்பாடு இன்னும் குறைந்தது, தண்ணீராகக் கேட்டுக் குடித்தான், வயிறு இறுகிப் போயிற்று. அவள் விடவில்லை. சத்துதானே, நஞ்சா? காலிக் குப்பிகளை அழுக்கு டயப்பருக்குள் வைத்துச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

டோரதி போன நான்காம் நாள் குழந்தை வாந்தி எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான். விஜயராகவனின் அறைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது தலை தோளில் துவண்டு கிடந்தது. மாலையில் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மருத்துவர் தாளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூவரையும் பார்த்தார்.

"கால்சியம் தாறுமாறா ஏறியிருக்கு. வைட்டமின் டி எவ்வளவு குடுத்தீங்க?"

"வாரத்துக்கு ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் தங்கபுஷ்பம். "நான்தான் என் கையால குடுக்கேன்."

"அதுக்கு இப்படி ஏறாதும்மா. இது உடம்புல தங்குற மருந்து. அளவு மீறினா பசியையே அடைச்சிடும். சாப்பிடலன்னு சொல்லி மேல மேல யாராவது ஊத்தினீங்களா?"

மதுமதிக்கு அப்போதுதான் விளங்கியது. பசிக்கு என்று கொடுத்ததே பசியைத் தின்றிருக்கிறது. ஒவ்வொரு காலையும் துண்டுக்குள் வைத்துத் தன் மகனின் வயிற்றுக்குத் தானே பூட்டுப் போட்டிருக்கிறாள்.

தங்கபுஷ்பம் ஒரு மூச்சு யோசித்தாள். ஒரே ஒரு மூச்சு. "பத்தொம்பது குப்பி காணாமப் போச்சு டாக்டர். அந்த வேலைக்காரிதான் குடுத்திருக்கா. படிப்பறிவு கெடயாது."

நான்கு நாளுக்கு முன் எடுத்துக்கொண்டு போனவள், இப்போது எடுத்து ஊட்டியவள் ஆனாள். ஒரே குற்றத்தை இரண்டு முறை, ஒன்றுக்கொன்று நேர்மாறாக, ஒரே தலையில் ஏற்றி வைத்தார்கள். தலை ஏழையுடையதாக இருந்தால் இரண்டும் அதில் நிற்கும். சுரேஷ்குமார் ஆமாம் என்று தலையசைத்தான்.

"எத்தனை நாளா? எந்தெந்த நாள்? எனக்குச் சரியாத் தெரியணும். சிகிச்சையே அதை வச்சுத்தான்."

மதுமதி வாயைத் திறந்தாள். "ரெண்டாம் தேதி ஆரம்பிச்சது டாக்டர். மொதப் பத்து நாள் ஒருநாள் விட்டு ஒருநாள், அஞ்சு. அப்புறம் தினமும் ஒண்ணு, பதினாலு நாள். காலைல, குளிப்பாட்டினதும்."

"யாரு குடுத்தது?"

மாமியாரின் வளையல் ஒருமுறை ஒலித்தது.

"அவதான்."

மருத்துவரின் பேனா நின்றது. "அவ குடுக்கும்போது நீங்க பக்கத்துல நின்னு எண்ணினீங்களாம்மா?"

வெளியே காத்திருந்த ஏதோ ஒரு குழந்தை தடுப்பூசிக்கு அலறியது. அவர் குனிந்து எழுதினார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியவில்லை. எட்டிப் பார்க்கத் துணிவும் இல்லை.

மருத்துவமனையில் ஏழு நாள் குளுக்கோஸ் ஏறியது. கால்சியம் இறங்கியது. சிறுநீரகம் தப்பித்தது. வீட்டுக்கு வந்தபின் ஜவஹர் மருந்துக்கும் வாய் திறக்கவில்லை, சோற்றுக்கும் திறக்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தோத்தி, தோத்தி" என்று தெருவைக் கூப்பிட்டான். இரண்டு நாள் அதைக் கேட்டபிறகு சுரேஷ்குமார், "அந்தப் பொம்பளையையே வரச் சொல்லித் தொலைங்க" என்றான். தங்கபுஷ்பமும் இறங்கி வந்தாள். "போய்க் கூப்பிடு மதுமதி. நடந்ததை நாங்க மனசுல வச்சுக்கிடல, மன்னிச்சுட்டோம்னு சொல்லு."

கூவத்தை ஒட்டிய சந்து. ஆட்டோ உள்ளே நுழையாது. மீன்கூடைகளையும் கழற்றிப் போட்ட மோட்டார்களையும் தாண்டி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மதுமதி நடந்தாள். டோரதி வாசலில் நின்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. காலடியில் அவளுடைய மகள் சான்ட்ரா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரசஞ்சோறும் அரை முட்டையுமாக, ஐந்து விரலாலும் அள்ளித் தின்றுகொண்டிருந்தாள்.

"புள்ள எளச்சிப் போய்க் கீது" என்றாள் டோரதி. தியாகராய நகர் வீட்டில் 'நீங்க' என்று பேசுகிறவள், தன் வாசலில் 'நீ' என்றாள். "நீ எதுக்கு இம்மாந்தூரம் வந்தே?"

"நீ திரும்ப வரணும் டோரதி. அத்தை எதையும் மனசுல வச்சுக்கலயாம்."

"அடேங்கப்பா. பெரிய மன்சுதான்." டோரதி சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. உன் மாமியாரு அபார்ட்மெண்ட்டு பூரா சொல்லிக்கினு கீறாங்களாம். மேல் வூட்டுல வேலை செய்ற ருக்சார் சொன்னா. மொதல்ல நான் மருந்தைத் திருடினேன்னீங்க. அப்பால புள்ள வாயில நாந்தான் ஊத்தினேன்னீங்க. திருடிக்கினு போயிருந்தா எப்டி ஊத்துவேன்? ஊத்தியிருந்தா எப்டி திருடுவேன்? ரெண்டுல எதுன்னு ஒண்ணு சொல்லும்மா. அதுக்கு ஏத்த மாரி அழுதுட்டுப் போறேன்."

மதுமதி இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது, அந்தச் சந்தில், அந்த நாற்றத்தில், யாரும் கேட்காத குரலில் வெளியே வந்தது.

"நான்தான் குடுத்தேன்."

"தெரியும்."

மதுமதி நிமிர்ந்தாள்.

"உங்க வூட்டுக் குப்பைய யாரு கொட்றது? டயப்பரு என்னடா கல்லாட்டம் கீதுன்னு ஒருநாள் பிரிச்சிப் பார்த்தேன். பெத்தவ குடுக்கறா, சத்துதானேன்னு நானும் வுட்டுட்டேன். அது என் தப்புதான், புள்ள மேல ஆணையா என் தப்பு."

"அப்ப... அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, மாட்டிக்கினவ பழி போடறான்னு ஆவும். நீ சொன்னாத்தான் அது நெசம். உன் மூஞ்சையேதான் பார்த்துக்கினு இருந்தேன். வாயத் தொறப்பே, தொறப்பேன்னு."

"இப்ப சொல்லிட்டேனே டோரதி."

"என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்ட சொல்லு. உன் மாமியாருகிட்ட, அந்த டாக்டருகிட்ட. அபார்ட்மெண்ட்டு பூரா சொன்னாங்க இல்ல, அங்கல்லாம் போய் சொல்லு. அப்பால வேலையப் பத்திப் பேசலாம்."

மதுமதி பதில் தேடினாள். தேடிய இடமெல்லாம் மாமியாரின் முகமும், அடையாற்று விழாவில் சிரித்த நாற்பது வாய்களும் இருந்தன.

இருவருக்கும் இடையே சான்ட்ரா எழுந்து நின்றிருந்தாள். தன் உயரமே உள்ள ஒருவனின் கால்கள் இடுப்பிலிருந்து தொங்குவதைக் கண்டு, முட்டையும் சோறும் பிசைந்த ஒரு பிடியை அவனை நோக்கி நீட்டினாள். ஜவஹர் குனிந்தான். பஸ் காட்டாமல், மூக்கைப் பிடிக்காமல், யாரும் கெஞ்சாமல், தானாகவே வாயைத் திறந்தான்.

டோரதி மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டி. நம்ம வூட்டுச் சோறு அது. நாளைக்கி புள்ளைக்கு இன்னா ஆனாலும் நம்ம தலைலதான் வுழும்."

அவள் குரலில் கோபம் இல்லை. பிடித்த கையை மட்டும் விடவில்லை. சான்ட்ராவின் விரலிடுக்கிலிருந்து ரசம் ஒழுகி வாசற்படியில் சொட்டியது. மதுமதியின் இடுப்பில் குழந்தை இன்னும் குனிந்தே இருந்தான். உள்நாக்கு தெரியுமளவுக்குத் திறந்த வாயை மூடாமல், அந்தச் சின்னக் கையையே பார்த்தபடி.